பதினொன்றரைப் பந்தி

"கையக் காட்டு புள்ள."

பவித்ரா வலது கையை நீட்டுகிறாள். சகாயசெல்வி அந்தக் கையைப் பிடித்து மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்க்கிறார். சோப்பு வாசனைக்கு அடியில் சாம்பார் மணம் தட்டுப்பட வேண்டும். தட்டுப்பட்டால் ஸ்பூன் கைக்கு வரும். இல்லாவிட்டால், "எனக்குப் பசியே இல்லக்கா" என்று எத்தனை தரம் சொன்னாலும் எடுபடாது. "ஒன் வாயி ஆயிரஞ் சொல்லும். போயி நாலு வாய் அள்ளிப் போட்டுட்டு வா. ஜக்கம்மாத்தா எங்கயும் ஓடிப்போயிற மாட்டாக." பக்கவாதத்தில் படுத்து மூன்று வருடமான ஜக்கம்மாள் இதைக் கேட்டு வாயின் ஒரு பக்கத்தால் சிரிக்கிறார்.

ரெட்டியார்சத்திரத்தைத் தாண்டி, மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, புளியமரங்களுக்கு நடுவே இருக்கிற முதியோர் இல்லம் அது. பெரியவர்கள் முப்பத்தாறு பேர். அதில் பதினோரு பேருக்கு ஊட்டிவிட வேண்டும். பார்த்துக்கொள்ள ஒன்பது பெண்கள். இந்த ஒன்பது பேரும் தினமும் பதினொன்றரைக்குச் சாப்பிட உட்கார்ந்துவிடுவார்கள். முதலில் ஐந்து பேர், அவர்கள் எழுந்த பிறகு நான்கு பேர். பெரியவர்களுக்குச் சாப்பாடு பன்னிரண்டே காலுக்குத்தான். அப்பா அம்மாவைச் சேர்க்க வருகிறவர்களுக்கு இதைக் கேட்டதும் கொஞ்சம் தூக்கிவாரிப்போடும். வேலை பார்க்கிறவர்கள் முன்னால் சாப்பிடுவதா? செல்விக்கு அந்த முகங்களைப் பார்க்க ரொம்பப் பிடிக்கும். "எங்க ஹோமுல இப்படித்தான். வேற எங்கயும் இருந்தா வந்து சொல்லுங்க" என்று சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொள்வார்.

ஆமாம், சட்டைதான். சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை. செம்பட்டியில் டிராக்டர் ஓட்டுகிற கணவர் போட்டுக் கழித்தவற்றில் பை கிழியாததாகப் பார்த்து எடுத்துக்கொள்கிறார். அந்தப் பைக்குள் நகவெட்டி, பேனா, பஞ்சுச் சுருள், முனை மழுங்கிய இரண்டு சிறிய ஸ்பூன்கள். இல்லம் கொடுத்த நீலக் கோட்டு கம்பியில் தொங்குகிறது. அதன் பை சின்னது என்பது அவர் புகார். வயது நாற்பத்தெட்டு. உயரம் கம்மி, மணிக்கட்டு மட்டும் ஆண்பிள்ளை மணிக்கட்டு. அந்த மணிக்கட்டைப் பார்த்து, தனியாகவே யாரையும் தூக்கிவிடுவார் என்று நினைத்தால் தப்பு. இரண்டாவது ஆள் வராமல் ஒரு தலையணையைக்கூட நகர்த்த மாட்டார். "எம் முதுகு ஒடிஞ்சா நாளைக்கி உங்கள யாரு திருப்பிப் போடுறது?" என்று பெரியவர்களிடமே கேட்பார். அவர்களும் பொறுமையாகக் காத்திருப்பார்கள்.

இங்கே வருவதற்கு முன் பதினோரு வருடம் வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில் வேலை. அங்கே மெஷின் நிற்காது. நூல் அறுந்தால் உடனே முடிய வேண்டும், அதனால் ஆள் நகரவும் முடியாது. சாப்பிடப் போவதென்றால் மாற்று ஆள் வந்து தோளைத் தொட வேண்டும். ரிலீவர் என்பார்கள். தோளில் கை படாமல் யாரும் ஓர் அடி எடுத்துவைப்பதில்லை. கை பட்ட பிறகு யாரும் ஒரு நிமிடம் தாமதிப்பதுமில்லை. "மில்லுல எனக்குப் புடிச்சது அது ஒண்ணுதான். மத்ததெல்லாம் பஞ்சுத் தூசி" என்பார் செல்வி.

ஒன்பது வருடங்களுக்கு முன் இந்த இல்லத்தில் சேர்ந்தபோது அவர் கண்ட காட்சி வேறு. இங்கே பெண்கள் மூன்று மணிக்குமேல் பின்கட்டில் நின்றபடியே சாப்பிடுவார்கள். அடிச்சட்டியைச் சுரண்டி, ரசத்தை ஊற்றி, வெஞ்சனம் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் ஊறுகாய். சாப்பிடாதே என்று யாரும் சொன்னதில்லை. சாப்பிடு என்றும் யாரும் சொன்னதில்லை. அவரும் இரண்டு வருடம் அப்படித்தான் நின்றுகொண்டே விழுங்கினார்.

மாற்றியது அவருடைய சொந்தத் தப்பு. அதை அவர் மறைப்பதில்லை. ஒரு நாள் அன்னதானக்காரர்கள் வர இரண்டு மணி ஆகிவிட்டது. காலையில் குடித்த ஒரு டீயோடு செல்விக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. சீக்கிரம் முடித்துவிட்டு நாமும் ஒரு வாய் பார்ப்போம் என்று நல்லுசாமிக்கு மளமளவென்று ஊட்டினார். ஆயக்குடியில் கொய்யா வியாபாரம் பார்த்த மனிதர், எதையும் மென்று தின்கிறவர். முதல் வாய் இறங்குவதற்குள் இரண்டாவது, மூன்றாவது. புரையேறி முகம் நீலமாகிவிட்டது. சமையல்காரி ஒச்சாயி ஓடிவந்து முதுகில் ஓங்கி அறைந்ததில் சோற்றுருண்டை வெளியே வந்து விழுந்தது, உயிர் பிழைத்தார். இப்போதும் இருக்கிறார். "என்னையக் கொல்லப் பாத்தவதேன் எனக்குச் சோறு போடுறா" என்று வருகிறவர்களிடமெல்லாம் செல்வியை அறிமுகம் செய்துவைக்கிறார். செல்வி சிரிப்பார். ஆனால் அன்று ராத்திரி முழுக்க அழுதது அவருக்குத்தான் தெரியும்.

மறுநாளே செயலாளர் அந்தோணிராஜ் முன்னால் போய் நின்றார். செயலாளர் கெட்டவர் இல்லை. கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், எதற்கும் ஒரு வரிசை வேண்டும் என்பவர். "எம் பசிதேன் சார் அவரு தொண்டையில போயி அடச்சது. ஊட்டுறவ மொத சாப்புடணும். மில்லு மாதிரி ஆளு மாத்தி ஆளு" என்றார் செல்வி. ஆறு மாதம் பார்ப்போம் என்றார் செயலாளர். அந்த ஆறு மாதம் ஏழு வருடமாகிவிட்டது. இந்த ஏழு வருடத்தில் அங்கே யாருக்கும் ஊட்டும்போது புரையேறி ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டி வரவில்லை.

பட்டினி கிடக்கிறவர்களுக்கும் சட்டம் உண்டு. பவித்ரா மாரியம்மனுக்கு விரதம் இருந்தால் அன்றைக்கு அவளுக்குத் துணி துவைக்கிற வேலை. முஹ்சினா நோன்பு பிடித்தால் அவளுக்கும் அதே. தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் செல்வியே பக்கெட்டோடு துவைகல்லுக்குப் போய்விடுவார். சில வருடம் மாசியில் மூன்றும் ஒன்றாக வந்துவிடும். துவைக்க ஆள் நிறைய, ஊட்ட ஆள் பற்றாக்குறை. "அந்த மாசம் எங்க பெருசுக எல்லாம் வெள்ளை வெளேர்னு இருப்பாக, ஆனா சோறு செத்த லேட்டாகும்" என்கிறார்.

இன்னொன்றையும் அவர் வாங்கிக் கொடுத்தார். இல்லத்தில் யாராவது இறந்துபோனால், அதுவரை அவரைத் தினமும் பார்த்துக்கொண்ட பெண்ணுக்கு மறுநாள் லீவு. சொந்தக்காரர் செத்தால்தான் லீவு என்று முன்பு இருந்தது. ஒரு கிழவியை நாலு வருடம் பார்த்துக்கொண்ட ஒச்சாயியின் தங்கை, கிழவியின் பாடை வாசலைத் தாண்டிய கையோடு அடுத்த கட்டிலுக்குப் போர்வை மாற்றிக்கொண்டிருந்தாள். செல்விக்கு மனசு கேட்கவில்லை. "நாலு வருசம் தலை சீவிவிட்டவளுக்கு ஒரு நாள் ஒக்காந்து அழுக வேணாமா சார்?" என்று கேட்டார். செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்த பதினொன்றரைப் பந்திக்குப் போன ஐப்பசியில் ஒரு சோதனை வந்தது. இந்தத் தடவையும் தப்பு செல்வியுடையதுதான்.

ஒட்டன்சத்திரத்தில் போர்வெல் வண்டி வைத்திருக்கும் கண்ணன், தன் தாயாரின் திதிக்கு இல்லத்தில் எல்லோருக்கும் சாப்பாடு என்று சொல்லியிருந்தார். வாழைக்காய், வடை, பாயசம் என்று முழுச் சாப்பாடு. அதனால் அன்று சமையல்கட்டில் அடுப்புப் பற்றவைக்கவில்லை, ஒச்சாயிக்கும் விடுமுறை. பதினொன்றேகாலுக்கு வேன் வந்து பாத்திரங்களை இறக்கிவிட்டுப் போனது. கண்ணன் குடும்பம் பின்னால் வருகிறது என்றார் டிரைவர். செல்வி கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்றரை. இலையைப் போடச் சொன்னார். பவித்ராதான் தயங்கினாள். "அக்கா, படைச்சிட்டாகளான்னு கேட்டுக்கிருவமா?" செல்வி காதில் வாங்கவில்லை. "எல்லாரும் வீட்டுலயே படைச்சுட்டுத்தான அனுப்புவாக? ஒக்காருங்க, நேரமாச்சு."

மற்றவர்கள் அப்படித்தான் செய்வார்கள். ஆனால் கண்ணனின் தெருவில் மரங்களையெல்லாம் வெட்டிவிட்டார்கள், காக்கை வருவதில்லை. இல்லத்துப் புளியமரங்களில் காக்கை நிறைய என்று கேள்விப்பட்டு, இங்கே மதில்மேல் வைத்துக்கொள்ளலாம் என்று வந்திருக்கிறார். செயலாளரோடு உள்ளே நுழைந்தவர் கண்டது, முதல் ஐந்து பெண்கள் இலையில் பாயசத்தை வழித்துக்கொண்டிருந்ததை.

"ஏனுங்க, இது எங்கம்மா திதிச் சோறுங்க. காக்காய்க்கே இன்னும் வெக்கலீங்க. அதுக்குள்ள ஆளுக உக்காந்து தின்னு முடிச்சிட்டீங்களே, இது நாயமுங்களா?"

சத்தம் பெரிதாகப் போடவில்லை. குரல் உடைந்திருந்தது, அதுதான் செல்வியைக் குத்தியது. ஐந்து பேரும் எச்சில் கையோடு எழுந்து நின்றார்கள். செல்வி அவர்களுக்கு முன்னால் வந்து நின்றார்.

"தப்பு எம்மேலதேன் சார். இந்தப் புள்ளைக மேல இல்ல. வீட்டுலயே படைச்சிருப்பீகன்னு நானா நெனச்சுக்கிட்டேன். இவ கேக்கத்தான் சொன்னா, நாந்தேன் கேக்கல. மன்னிச்சிருங்க."

செயலாளருக்கு முகம் சிவந்துவிட்டது. அழைத்து வந்த மனிதர் முன்னால் இப்படி நிற்க வேண்டியதாயிற்றே என்று. "போதும் செல்வி. உன் இஷ்டத்துக்கு விட்டது என் தப்பு. இன்னையோட இந்த மொதப் பந்தி கிடையாது. பெரியவங்க எல்லாரும் சாப்பிட்டு முடிச்சப்புறந்தான் ஸ்டாஃபுக்கு."

எதிர்த்துப் பேசினால் வேலையே போகலாம் என்று செல்விக்குத் தெரியும். மகள் நர்சிங் இரண்டாம் வருடம். இந்த வயதில் எந்த மில்லிலும் சேர்க்க மாட்டார்கள். எல்லாம் ஒரு கணத்தில் மனதில் ஓடியது. இருந்தும் வாய் நிற்கவில்லை.

"காக்காவுக்கு முன்னாடி எடுத்தது தப்பு சார். அதுக்கு என்ன செய்யச் சொன்னாலும் செய்யுறேன். பெருசுகளுக்கு முன்னாடி சாப்டது தப்பில்ல. அத மாத்தணும்னா இந்தச் சட்டையக் கழட்டி வெச்சிட்டு நாம் போறேன்."

 கண்ணனின் மனைவிதான் சமாளித்தார். ஒரு பிடி அரிசி புதிதாக ஆக்கிப் படைத்துவிடலாம் என்று நேரே சமையல்கட்டுக்குப் போனார். செல்வி ஒரு பாத்திரத்தைத் தேய்த்துக் கொடுத்துவிட்டு விலகி நின்றுகொண்டார். சோறு வெந்தது, எள்ளும் நெய்யும் சேர்ந்தது, மதில்மேல் இலை விரிந்தது. கண்ணன் கைகூப்பிக்கொண்டு கா, கா என்று கூப்பிட்டார். காக்கைகள் கிளையில் உட்கார்ந்து யோசித்தன. பத்து நிமிடம் அந்த இல்லமே மூச்சைப் பிடித்துக்கொண்டு மதிலைப் பார்த்தது. கடைசியில் ஒன்று இறங்கிக் கொத்தியது. உடனே ஏழெட்டு வந்துவிட்டன. கண்ணன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மணி பன்னிரண்டரை. கால் மணி நேரம் தாமதம். "ஒன்பது பேரும் இறங்குங்க, மளமளன்னு முடியட்டும்" என்றார் செயலாளர்.

"அஞ்சு பேருதேன் சார் ஊட்டுவாக" என்றார் செல்வி.

செயலாளர் அவரை ஏறிட்டுப் பார்த்தார். செல்வி பார்வையைத் தாழ்த்தவில்லை. சாப்பிட்டு முடித்த ஐந்து பேரும் முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஆளுக்கொரு பெரியவர் முன்னால் உட்கார்ந்தார்கள். சாப்பிடாத நான்கு பேர், அதாவது செல்வி, பவித்ரா, இன்னும் இருவர், சக்கர நாற்காலி தள்ளவும் தண்ணீர் ஊற்றவும் கழுத்தில் துண்டு கட்டவும் போனார்கள். வேலை போகப் போகிற நாளில்கூட இந்தப் பொம்பளை சட்டத்தை விடவில்லையே என்று நல்லுசாமிக்கே ஆச்சரியம். "ஏலே, இவள ஒண்ணும் பண்ண முடியாதுலே" என்று பக்கத்துக் கட்டிலுக்குச் சொன்னார்.

அன்னதானம் போடுகிறவர்கள் தங்கள் கையால் யாராவது ஒருவருக்கு ஊட்டுவது வழக்கம். போட்டோவும் உண்டு. கண்ணன் ஜக்கம்மாள் முன்னால் உட்கார்ந்து ஸ்பூனை எடுத்தார். அவருடைய மகள் செல்போனைத் தூக்கிப் பிடித்தாள். முதல் வாய் கொடுத்தார். உடனே இரண்டாவது. ஜக்கம்மாளின் கன்னம் உப்பியிருந்தது, தொண்டை அசையவில்லை. மூன்றாவது வாய் ஸ்பூனில் நிறைந்து, லேசாக நடுங்கியபடி கிளம்பியது.

செல்வி அந்த மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

"செல்வி!" என்றார் செயலாளர் வாசலிலிருந்து.

செல்வி திரும்பவில்லை. ஜக்கம்மாளின் தாடையை மெல்லத் தடவிக்கொடுத்தார். தொண்டை ஏறி இறங்கியது. அதன் பிறகுதான் கண்ணனிடம் பேசினார்.

"காலையிலருந்து சாப்டல தான சார்?"

"தண்ணிகூடக் குடிக்கலீங்க. திதி இல்லீங்களா?"

"காக்கா எடுத்துருச்சுல்ல. மொதல்ல நீங்க சாப்புடுங்க. பெறகு வந்து ஊட்டுங்க. ஆத்தா இருப்பாக."

கண்ணன் தன் கையைப் பார்த்தார். அதில் இருந்த நடுக்கத்தை அப்போதுதான் கவனித்தவர்போல ஸ்பூனைத் தட்டில் வைத்தார். கொஞ்ச நேரம் ஜக்கம்மாள் மெல்வதையே பார்த்துக்கொண்டிருந்தார். "எங்கம்மாளுக்கும் கடைசியில இப்படித்தானுங்க. காலையில வண்டி எடுக்கற அவசரத்துல வெறும் வயித்தோட நாலு வாய் திணிச்சுட்டு ஓடிப்போயிருவேன். இருமிக்கிட்டே கெடக்கும்" என்றார். மகள் செல்போனை இறக்கிவிட்டாள்.

பிறகு கேட்டார்: "நீங்க சாப்டீங்களா?"

"இல்ல சார். நாங்க நாலு பேரு பாக்கி."

"வாங்க, சேந்தே உக்காருவோம். அடுத்த வருசம் பதினோரு மணிக்கே வந்து காக்காய்க்கு வெச்சுப் போடறனுங்க. உங்க பந்திக்கு இடைஞ்சல் வேண்டாமுங்க." இதைச் சொல்லும்போது அவர் பார்த்தது செயலாளரை.

பெஞ்சில் ஐந்து இலை விழுந்தது. நடுவில் கண்ணன், ஒரு பக்கம் பவித்ரா, இன்னொரு பக்கம் செல்வி, ஓரங்களில் மற்ற இருவர். கண்ணனின் மனைவி சோறு வைத்துக்கொண்டு போனார், பின்னாலேயே மகள் வடை வைத்தாள். சாம்பாருக்கு ஆள் வேண்டும். ஐந்து பெண்களும் முக்காலிகளில் இருந்தார்கள். ஊட்டுகிறவர் பாதியில் எழக் கூடாது. கை சும்மா இருந்தவர் அந்தக் கூடத்தில் ஒருவர்தான். அந்தோணிராஜ் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டார், முழுக்கையை மடித்துவிட்டார், சாம்பார் வாளியைத் தூக்கினார். ஓரத்திலிருந்து தொடங்கிப் பவித்ராவுக்கு ஊற்றி, கண்ணனுக்கு ஊற்றி, செல்வியின் இலைக்கு முன்னால் வந்து குனிந்தார்.

தனக்கு ஊற்றியபோது பவித்ரா பாதி எழுந்துவிட்டிருந்தாள். செயலாளர் ஊற்ற வந்தால் எழுந்துவிடுவார்களே, இந்த அக்கா என்ன செய்யப் போகிறாரோ என்று ஓரக்கண்ணால் பார்த்தாள்.

சகாயசெல்வி எழவில்லை. சோற்றின் நடுவில் ஐந்து விரலாலும் ஆழமாகக் குழி பறித்துவிட்டு, நிமிர்ந்து செயலாளரைப் பார்த்தார்.